பீரோவுக்கு அடியில் வயர்

"வாங்க மாப்பிள்ளை சார்! ஒருவழியா வழி தெரிஞ்சுதா? வாசலையே பார்த்துப் பார்த்துக் கழுத்து சுளுக்கிக்கிச்சு."

நெட்காரன் செருப்பைக் கழற்றி ஓரமாக, ஜோடி சேர்த்து வைத்தான். இந்த வீட்டில் நெட் இல்லை என்ற தகவல் அவன் போனுக்கு வந்ததே இன்று காலை ஒன்பது மணிக்குத்தான். சொன்னால் யார் நம்புவார்கள்? திட்டினால் வாங்கிக்கொள் என்பது மேனேஜர் சொல்லிக்கொடுத்த பாடம். கூடவே இன்னொன்றும் சொல்லியிருந்தார்: "உன் பேர்ல ரெண்டு புகார் ஆச்சு. மூணாவது வந்தா, பையை இங்க வெச்சுட்டு வீட்டைப் பார்த்துப் போயிட்டே இரு."

"மன்னிச்சுக்கோங்கம்மா. கம்ப்யூட்டர் எங்க இருக்கு?"

"எங்க போகும்? திங்கட்கிழமையிலேர்ந்து சும்மா உட்கார்ந்திருக்கு, என்னை மாதிரி."

அந்த அம்மா வீட்டிலிருந்தபடியே அச்சகங்களுக்குப் பிழை திருத்திக் கொடுப்பவர். மேஜை மேல் நாலைந்து சிவப்புப் பேனாக்கள், தலையணை மாதிரி ஓர் அகராதி, நடுவே பழைய கணினி. திரையின் மூலையில், இணைப்பு இல்லை என்று ஒரு பெருக்கல் குறி.

"நல்லா ஓடிட்டிருந்தது தம்பி. திங்கட்கிழமை காலையில பொசுக்குனு போயிடுச்சு. அணைச்சுப் போட்டுப் பார்த்தேன். மண்டையில ரெண்டு தட்டும் தட்டினேன்."

"எதைம்மா?"

"கம்ப்யூட்டரைத்தான். உன்னைத் தட்டலாம்னா நீ வந்தாத்தானே!"

அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு ரூட்டரைப் பார்த்தான். மற்ற விளக்குகள் ஒழுங்காக எரிந்தன. கணினிக்குப் போகும் வயரின் விளக்கு மட்டும் செத்துக் கிடந்தது. வயரைக் கையால் தடவிக்கொண்டே சுவரோரமாக நகர்ந்தான். மேஜைக்கு இரண்டடி முன்னால் கை நின்றது. இரும்பு பீரோவின் கால் வயர் மேல் ஏறி நின்று அதைச் சப்பையாக நசுக்கியிருந்தது. பீரோ முன்பு நின்ற இடம் தரையில் நாலு வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தது.

பீரோவை யார் நகர்த்தினது என்ற கேள்வி நுனி நாக்கு வரை வந்தது. விழுங்கிவிட்டான்.

"வயர் பழசாயிடுச்சும்மா. அதான்."

"புளுகாதே." அந்த அம்மா இடுப்பில் கைவைத்து நின்றார். "பெருக்கறேன் பேர்வழின்னு பீரோவைத் தள்ளினது நான்தான். ஊரார் தப்பைப் பிடிச்சே பொழைக்கிறவளுக்கு என் தப்பு கண்ணுல படலை பாரு."

குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. இருவரும் சேர்ந்து பீரோவை நகர்த்தினார்கள். நசுங்கிய இடத்தோடு வயரை வெட்டி எறிந்தான். மிச்ச வயரைக் கணினி வரை இழுத்து, புது முனை போட மேஜைக்கு அடியில் உட்கார்ந்தான். உள்ளே எட்டு இழைகள், எட்டு நிறம். வரிசை மாறினால் வேலை செய்யாது. அடுக்கினான், பார்த்தான், மறுபடியும் பார்த்தான்.

"என்னப்பா, ஊசியில நூல் கோக்கறியா? எத்தனை தரம்தான் பார்ப்பே?"

"தப்பாயிட்டா இன்னொரு தரம் வரணும்மா. உங்களுக்குக் கோபம் வரும். புகார் குடுப்பீங்க."

"குடுத்தா என்ன, தலையையா வாங்கிடுவாங்க?"

"வேலையை வாங்கிடுவாங்கம்மா." அவன் நிமிராமலே சொன்னான். "இந்த ஏரியா முழுசுக்கும் நான் ஒருத்தன்தான். நாலு வீட்டுல ஒரே நேரத்துல போனா நான் எங்கேன்னு ஓடறது? ரெண்டு புகார் ஏற்கெனவே இருக்கு. இன்னொண்ணு வந்தா நிறுத்திடுவேன்னுட்டாங்க. வீட்டுல அவ முழுகாம இருக்கா. இன்னும் அவகிட்டகூடச் சொல்லலை."

மேஜையிலிருந்து ஒரு சிவப்புப் பேனா உருண்டு அவன் பக்கத்தில் விழுந்தது. என்னவென்று தலையை நீட்டிப் பார்த்தான். அந்த அம்மாவின் முகம் வெளுத்திருந்தது.

"தம்பி, கொஞ்சம் இரு. டீ போட்டுத் தரேன், குடிச்சுட்டு மெதுவாச் சொருகலாம்."

"முடிஞ்சே போச்சும்மா."

"இல்ல, இரு. கம்ப்யூட்டர்ல எனக்கு ஒரு சின்ன வேலை இருக்கு. அதை முடிச்சுக்கறேன். என் கண்ணாடி எங்க?" அகராதியைத் தூக்கிப் பார்த்தார், பேனாக்களை உருட்டிவிட்டார். கண்ணாடி அவர் நெற்றியில்தான் இருந்தது.

"நெட் இல்லாம என்ன வேலைம்மா பார்ப்பீங்க?" என்று அடியிலிருந்து சிரித்தான். தன் கதையைக் கேட்டு இரக்கப்பட்டு டீ தருகிறார் போலிருக்கிறது. நல்ல மனுஷி. இவரை இதற்கு மேல் ஒரு நிமிடம்கூடக் காக்க வைக்கக் கூடாது. "இதோ, ரெண்டே நொடி."

"வேண்டாம்டா தம்பி, சொன்னாக் கேளு..."

'டிக்' என்று வயர் கச்சிதமாகப் பொருந்தியது. மேலே கணினி சின்னதாக ஒரு மணிச் சத்தம் போட்டது.

அவன் வெளியே வந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தான். "வந்துடுச்சு பார்த்தீங்களா!"

அந்த அம்மா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

நேற்றுச் சாயங்காலம் அவர் எழுதி, நெட் இல்லாததால் போக வழியின்றி உள்ளேயே நின்றிருந்த மெயில் ஒன்று இப்போதுதான் அவனுடைய மேனேஜருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. 'எட்டிக்கூடப் பார்க்காத எங்கள் பகுதி ஊழியரை உடனே வேலையிலிருந்து நீக்குங்கள்' என்று முடிந்த அதில், ஒரு பிழைகூட இல்லை.