ரட்சிக்கப்பட்ட தேதி

“‘ரட்சிக்கப்பட்ட தேதி’ன்னு ஒரு கட்டம் இருக்குதுண்ணே. அப்டின்னா இன்னா, ஆஸ்பத்திரியில பொழைச்சி வந்த தேதியா?”

ஜாஹிதா பேகம் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ப்ரவுசிங் சென்டர் வைத்திருப்பவள். பட்டா, ரேஷன் கார்டு, பாஸ்போர்ட் என்று ஊரில் பாதிப் பேரின் ஜாதகம் அவளிடம் இருக்கிறது. ஆனால் வெளிநாட்டுக் கிறிஸ்தவ ஊழியப் பயணத்துக்கான விண்ணப்பத்தை அவள் நிரப்புவது இதுதான் முதல் தடவை.

எதிரே ஸ்டூலில் விமல்ராஜ் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயசு, கட்டம் போட்ட சட்டை, அனந்தபுரத்துக்காரர்.

“இயேசுவை ஏத்துக்கிட்ட தேதிம்மா. தொண்ணூத்தெட்டு, மே பத்தொம்பது.” கொஞ்சம் இழுத்தார். “ஆனா நடுவுல போயிடுச்சு. போன மாசம்தான் திரும்பி வந்துச்சு.”

“இன்னாது, கரண்ட்டா?”

“விசுவாசம்.”

“ரெண்டு தேதி போட எடம் இல்லண்ணே. எதுன்னா ஒண்ணு சொல்லுங்க.”

“புதுசையே போடும்மா. பழசு எக்ஸ்பைரி ஆயிடுச்சு.”

ஜாஹிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அஞ்சு மணியோடு விண்ணப்பம் மூடிவிடும், இப்போதே நாலேகால். இருந்தாலும் கதை கேட்காமல் அவளுக்கு டைப் அடிக்க ஓடாது.

“அனந்தபுரத்துலயே சென்டர் இருக்குதே, இன்னாத்துக்கு இவ்ளோ தூரம் வந்தீங்க?”

“அங்க எல்லாருக்கும் என்னைத் தெரியும்மா. இந்தக் கதையை எப்டிச் சொல்றது?”

“சரி, இங்க சொல்லுங்க. எப்டிப் போச்சு?”

“பெருசா ஒண்ணும் நடக்கல. பக்கத்துல ஆள் வர்றதா நெனச்சிப் பேசிக்கிட்டே நடப்போம், திரும்பிப் பாத்தா யாரும் இருக்க மாட்டாங்க இல்ல? ஒரு நாள் ஜெபத்துல அப்டி ஆயிடுச்சு. பத்து வருஷம் வெளிய சொல்லல. ஞாயித்துக்கெழம தவறாம கோயிலுக்குப் போனேன், பாடினேன், அழுவுற எடத்துல அழுதேன்.”

“யா அல்லா! உங்களுக்கு அவார்டே குடுக்கலாம்ண்ணே. அப்புறம்?”

“போன மாசம் தனியா ராஜகிரிக் கோட்டை ஏறினேன். பாதியில ஒரு கொரங்கு பையைப் புடுங்கிக்கிட்டு ஓடுச்சு. தொரத்திப் போனேன், நெஞ்சை அடைச்சு படியில உக்காந்துட்டேன். ‘ஆண்டவரே’ன்னு வாய் தானா கூப்டுச்சு. சுத்திப் பாத்தா ஒருத்தரும் இல்ல. யாரும் பாக்காதப்ப நான் அவரைக் கூப்ட்டது பத்து வருஷத்துல அதான் மொத தடவை. அவர் இருந்தாரும்மா. பக்கத்துலயே இருந்தாரு.”

ஜாஹிதா கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

“பை கெடச்சுதா?”

“இல்ல.”

“அடடா, பைபிள் இருந்துச்சா அதுல?”

“வேர்க்கடலை.”

அடுத்த பக்கத்தைத் திறந்தாள். “மடகாஸ்கர்ல போய் இன்னா பண்ணப் போறீங்க? அவங்களுக்குத் தமிழ் தெரியுமா?”

“தெரியாது, அதான் வசதி. கெணறு வெட்டுற டீம்மா. மூணு மாசம் மண்ணு சுமக்கணும், பேச்சே கெடையாது. எனக்குப் பேசிப் பேசி வாய் புளிச்சுப் போச்சு.”

உள்ளங்கையை விரித்துக் காட்டினார். ஒரு மாசமாகத் தோட்டத்தில் கடப்பாரை போட்டுப் பழகியதில் வரிசையாகக் கொப்புளங்கள். பாஸ்போர்ட் வந்தாயிற்று, ஊசி போட்டாயிற்று. மனைவி ரஞ்சிதம் எலுமிச்சை ஊறுகாய் கூடப் போட்டு வைத்துவிட்டாள். இந்தப் பயணம் மட்டும் தவறிப்போனால் பழையபடி நடிக்க ஆரம்பித்துவிடுவோமோ என்று அவருக்கு உள்ளுக்குள் பயம்.

“கடைசியா சபைப் போதகர் கையெழுத்துப் போட்ட லெட்டர். குடுங்க, ஏத்திடலாம்.”

சபையின் லெட்டர்பேடில் அடித்த காகிதத்தை விமல்ராஜ் தயங்கித் தயங்கி நீட்டினார். ஜாஹிதா உரக்கப் படித்தாள்.

“‘இச்சகோதரர் கடந்த பத்து ஆண்டுகளாக விசுவாசத்தில் தளராமல் நிலைத்திருக்கிறார் என்பதை நான் நேரில் அறிவேன்.’ சூப்பரா இருக்குது. கீழ கையெழுத்தைக் காணோமே?”

“போட மாட்டேங்கறாரு. இது இல்லாம ஏத்த முடியுமான்னு பாரேன்.”

“சான்ஸே இல்ல, உள்ள வாங்காது. ஏனாம் அந்தப் பாஸ்டருக்கு?”

“பொய்க்குக் கையெழுத்துப் போட முடியாதாம். ஒரு வாரமா பேனாவைக் கையில புடிக்க வெச்சிப் பாத்துட்டேன்.”

“நீங்க நடிச்சது அவருக்கு எப்டித் தெரியும்?”

“அவர் ஒருத்தருக்குத்தான் ஆரம்பத்துலேர்ந்தே தெரியும்.”

ஜாஹிதாவுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது.

“நல்லா இருக்குதே கதை! தெரிஞ்சும் பத்து வருஷம் வாயை மூடிக்கிட்டு இருந்துட்டு, நீங்க ஒரு நல்ல காரியத்துக்குக் கெளம்புறப்ப நியாயம் பேசுறாரா? அந்தாளு இன்னா பெரிய யோக்கியனா?”

“இல்லம்மா. அவரும் என்னை மாதிரிதான். திட்டாத, பாவம்.”

“இன்னா பாவம்? நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டாத்தான் எனக்கு மனசு ஆறும்.”

“வேணாம்மா, சொன்னாக் கேளு…”

அவள் கேட்கவில்லை. லெட்டர்பேடின் மேலே ‘போதகர்’ என்று மட்டும் போட்டிருந்த நம்பரைத் தன் போனில் மளமளவென்று தட்டி ஸ்பீக்கரைப் போட்டாள்.

விமல்ராஜின் சட்டைப்பையில் ஒரு கீர்த்தனை ஒலித்தது.

அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். “அனந்தபுரம் சபைப் போதகர் விமல்ராஜ் பேசறேம்மா,” என்றார். “இந்த ஒரு வாட்டியாவது பொய் சொல்ல வேணாம்னு பாக்கறேன்.”