எல்லாப் பாட்டுக்கும் ஒரே பத்தி

அன்று காலை எட்டரையிலிருந்து பத்து மணிக்குள் சூடாமணி டீச்சர் குடித்த தண்ணீரில் வீராணம் ஏரி ஓரடி இறங்கியிருக்கும்.

பாட்டிலைத் திறப்பார், மூடுவார். சாக்பீஸை எடுப்பார், வைப்பார். ஜன்னலுக்குப் போய் மயிலாப்பூர் முழுவதையும் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி பாட்டிலுக்கு வருவார்.

புதுக் கல்வி அதிகாரி வருகிறாராம். பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தைப் பார்க்க.

போன வாரம் மேற்கு மாம்பலத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனாராம் மனிதர். பிள்ளைகள் மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்கள் என்று கண்டுபிடித்து, அந்த டீச்சரிடமிருந்து பத்தாம் வகுப்பைப் பிடுங்கி, ஆறாம் வகுப்புக்கு அனுப்பிவிட்டுத்தான் காப்பியே குடித்தாராம்.

இருபத்தாறு வருஷமாகப் பத்தாம் வகுப்பு. அதைப் பிடுங்கினால் சூடாமணியிடம் மிஞ்சுவது கைப்பையும் குடையும்தான்.

அவருடைய வகுப்போ மனப்பாடத்துக்குத் தலைமைச் செயலகம்.

நாற்பத்தெட்டுப் பேருக்கும் தெரிந்த ஆங்கிலம் மொத்தம் நான்கே வரி. டீச்சரே எழுதிக் கொடுத்த பத்தி. 'இது மிக அருமையான பாட்டு. கவிஞர் எளிய சொற்களால் பெரிய உண்மையைச் சொல்கிறார். படிக்கும்போது நெஞ்சம் நிறைகிறது. இது நமக்கு நல்வழி காட்டுகிறது.' மழையைப் பற்றிய பாட்டோ, மலையைப் பற்றியதோ, மூட்டைப்பூச்சியைப் பற்றியதோ, தலைப்பை மட்டும் மாற்றி இதை எழுதினால் போதும். தேறாத பிள்ளையும் தேறிவிடும். தேறியும் இருக்கிறது, வருஷா வருஷம்.

தி. நகரில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் இந்தப் பத்திக்கு ஐந்தாவது வரி ஒன்றும் இருந்தது. 'கபாலி கோயில் மணியைப் போல இது என்றென்றும் நம் காதில் ஒலிக்கும்.' மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவர், வேறு எதை ஒலிக்க விடுவார்? அந்த வருஷம் அறுபது விடைத்தாளிலும் மணி அடித்ததில், திருத்தும் முகாமில் சிரிக்காத ஆளில்லை என்று செய்தி வந்தது. மானம் போய், மறு வருஷமே மணியைக் கழற்றிவிட்டார்.

"மிஸ், டென்ஷன் ஆவாதீங்க" என்றாள் முதல் பெஞ்சு ருக்சார். "இன்னா பாட்டு கேட்டாலும் பேரை மட்டும் மாத்திக்கினு ஒரே அடி. கரெக்டா?"

"வாயை மூடிண்டு உக்காரு, தாயே."

அதிகாரி வந்தார். முதலில் மீசை வந்தது. அது உள்ளே வந்து அரை நிமிஷம் கழித்து ஆள் வந்தார். வழுக்கை, தொப்பை, கையில் ஒரு பேனா. யாரையும் பார்க்காமல் கடைசி பெஞ்சுக்குப் போய், முட்டி இடிக்க இடிக்க உட்கார்ந்துகொண்டார்.

டீச்சர் ஆரம்பித்தார். மழைக்குக் காத்திருக்கும் ஒரு மொட்டை மரத்தைப் பற்றிய பாட்டு. ஒரு கண்ணைக் கடைசி பெஞ்சிலேயே வைத்துக்கொண்டு போர்டில் வரைந்த மரம் குடையாகிவிட்டது. ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. பத்து நிமிஷம் ஓடியது.

அதிகாரி பேனாவை நீட்டினார். முதல் பெஞ்சை நோக்கி.

"நீ சொல்லும்மா. இந்தப் பாட்டைப் பற்றி."

ருக்சார் எழுந்தாள். கடற்கரை ஃபாஸ்ட் மின்சார ரயில் மாதிரி, எந்த ஸ்டேஷனிலும் நிற்காமல், நான்கு வரியையும் ஒரே மூச்சில் ஓட்டினாள்.

அதிகாரியின் உதடுகள் முணுமுணுவென்று அசைவதை டீச்சர் பார்த்தார். மெமோவை வாய்க்குள்ளேயே எழுதிப் பார்க்கிறார், சந்தேகமில்லை.

ரயில் நின்றது.

அதிகாரி இன்னும் தலையைச் சாய்த்து, காதைக் கொடுத்தபடியே இருந்தார்.

"அவ்வளவுதானா?"

"அவ்ளோதான் சார்."

கல்யாணப் பந்தியில் பாயசம் தீர்ந்துபோச்சு என்று சொன்னால் ஒரு முகம் எப்படித் தொங்குமோ, அப்படித் தொங்கியது அவர் முகம்.

டீச்சருக்கு அந்தக் கணமே ஆறாம் வகுப்பு கண்ணில் தெரிந்தது. மூக்கு ஒழுகும் அறுபது பிள்ளைகள், ஆளுக்கொரு ஆப்பிள் படத்துடன், வரிசையாக.

அதிகாரி ஆய்வுப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினார். குனிந்து எழுதினார். ஒரு யுகம் எழுதினார். பதிவேட்டை மூடி பெஞ்சிலேயே வைத்துவிட்டு எழுந்து வந்தவர், வாசலில் ஒரு விநாடி நின்று, ஏனோ சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"வரேன் மிஸ்."

போய்விட்டார். டீச்சர் பாட்டிலைத் தேடினார். அது கையிலேயே இருந்தது.

ருக்சார் கடைசி பெஞ்சுக்கு ஓடிப் பதிவேட்டைத் தூக்கினாள். கொண்டுவந்து கொடுக்கிற பிள்ளையா அவள்? நடு வழியிலேயே பிரித்துவிட்டாள்.

"மிஸ்! நம்ம பத்தி மிஸ்! பாட்டுன்ற எடத்துல வகுப்பு, கவிஞர்ன்ற எடத்துல டீச்சர். மத்தபடி அப்படியே கீது!"

வகுப்பே எழுந்து நின்றது.

படித்துக்கொண்டே வந்த ருக்சார் நின்றாள். புருவத்தைச் சுருக்கினாள். ஒரு அதிகாரிக்கு இப்படியும் தப்பு வருமா என்பதுபோல டீச்சரைப் பார்த்தாள்.

"ஆனா மிஸ், கடைசில ஒரு வரி சொந்தமா வுட்டுக்கீறாரு. இன்னாவோ கோயில் மணியாம்."

சூடாமணி டீச்சர் பாட்டிலை மூடினார். அன்றைக்கு அப்புறம் அதைத் திறக்கவே இல்லை.