மீதி ரெண்டு போன்

"ஏன்டா தடிமாடு, நெட்டை மறுபடியும் நீதான உறிஞ்சின?"

மாதவராஜ் போட்ட சத்தத்தில் மகன் அருண்குமார் மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தான்.

"நான் இல்லப்பா. போன வாரம்தான் தெரியாம கேம் வீடியோ ஏத்திட்டிருந்தேன். இன்னிக்கு சும்மாதான் படுத்திருந்தேன்."

"சும்மா படுத்திருந்தா மாப்பிள்ளை மூஞ்சி எப்படிடா பாதியில நிக்கும்?"

கடத்தூரில் உரக்கடை வைத்திருப்பவர் மாதவராஜ். கடையில் அவரை யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. வீட்டில் கேட்கவே வேண்டாம். மகள் காவியாவுக்கு அவர் பார்த்திருப்பது துபாய் மாப்பிள்ளை. அவன் துபாயிலிருந்தும், அவன் அம்மா பானுமதி பாலக்கோட்டிலிருந்தும் வீடியோ காலில் பெண் பார்ப்பதாக ஏற்பாடு. போன வாரம் ஒரு முறை, இன்று காலை ஒரு முறை. இரண்டு தடவையும் காவியா வந்து உட்கார்ந்ததும் படம் அப்படியே நின்றுவிட்டது. மதியம் இன்னொரு தடவை பார்க்கிறோம், அதோடு சரி என்று பானுமதி கறாராகச் சொல்லிவிட்டாள்.

காவியாவின் கவலை வேறு. கோயம்புத்தூரில் எம்.எஸ்சி. சீட் கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் போய்ச் சேராவிட்டால் சீட் போய்விடும்.

நெட் கனெக்‌ஷன் கொடுத்த தமிழ்மணி வந்து ரவுட்டர் பெட்டியின் முன் உட்கார்ந்தான்.

"போன வாரமே வந்து சொன்னேனுங்களே. பெரிய வீடியோ ஏதாச்சும் மேல ஏர்றப்ப, லைன் பூரா அதுவே அடைச்சுக்கும். கால் நின்னுபோயிரும்."

"கதை வேணாம். நிக்காம இருக்க என்ன பண்ணணும், அதைச் சொல்லு."

"ஒவ்வொரு போனுக்கும் கடிவாளம் போட்டுரலாங்க. அப்புறம் எதுவும் ஓவரா இழுக்க முடியாது. வூட்டுல எத்தனை போனுங்க?"

"என்னுதை அணைச்சு வெச்சிட்டன். மீதி ரெண்டு. இவனுது ஒண்ணு, பொண்ணோடது ஒண்ணு."

"வேற ஏதும் இல்லீங்களே?"

"வேற யாரு இருக்காங்க இந்த வூட்டுல?" என்றார் மாதவராஜ், மனைவி சுகுணா நீட்டிய மோரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு.

தமிழ்மணி இரண்டு போனுக்கும் கடிவாளம் போட்டான். மாதவராஜுக்கு அதுவும் போதவில்லை. இரண்டையும் பிடுங்கித் தன் சட்டைப் பையில் திணித்துக்கொண்டார்.

காவியாவுக்குப் பொறுக்கவில்லை.

"கட்டிக்கப் போறது நான். என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களாப்பா? அவங்க படிக்கவே வேணாங்கறாங்க. எனக்கு இது வேணாம்."

"உன்னை என்னடி கேக்கறது? உங்கம்மாவை யாரு கேட்டா? எங்கப்பன் பேசி முடிச்சாரு, கட்டிக்கிட்டா. இப்ப என்ன கொறைஞ்சு போச்சு? நல்லாத்தான இருக்கறா?"

சுகுணா காலி டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். காவியா அழுத முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

கால் முடிகிற வரைக்கும் தமிழ்மணியையும் போகவிடாமல் பக்கத்திலேயே உட்காரவைத்தார் மாதவராஜ். மதியம் லேப்டாப்பில் அழைப்பு வந்தது. துபாய் மாப்பிள்ளை மீசை முதற்கொண்டு பளிச்சென்று தெரிந்தான். ஒரு மூலையில் பானுமதி வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். மாதவராஜ் முகமெல்லாம் பல்லாக, "பொண்ணு வருதுங்க" என்றார்.

காவியா வந்து உட்கார்ந்தாள். மாப்பிள்ளை ஏதோ கேட்க வாயைத் திறந்தான். திறந்த வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

மாதவராஜ் லேப்டாப்பைத் தட்டினார், குலுக்கினார். மாப்பிள்ளை வாயை மூடவில்லை. வேறு வழியில்லாமல் தன் போனை உயிர்ப்பித்தார். உயிர் வந்ததும் அது அடித்தது. பானுமதிதான்.

"மூணு வாட்டியும் உங்க பொண்ணு வந்து குந்தின உடனே நின்னுபோவுதுங்க. சகுனம் சரியில்லைங்க. நாங்க வேற எடம் பாத்துக்கறோம். தப்பா நெனச்சுக்காதீங்க."

மாதவராஜுக்குக் கண் சிவந்துவிட்டது. நேராகத் தமிழ்மணியின் சட்டைக் காலரைப் பிடித்தார்.

"கடிவாளம் போட்டனு சொன்னியேடா! என் மானமே போச்சே!"

"இருங்க, இருங்கண்ணா... பாக்கறன்." அவன் பதற்றத்தோடு தன் போனில் ரவுட்டரின் கணக்கைத் திறந்து பார்த்தான். "நான் போட்ட ரெண்டும் அடங்கித்தாங்க கெடக்குது. மூணாவதா ஒரு போன் இருக்குதுங்க. அதுதான் பெரிய வீடியோ ஒண்ணை ஏத்திட்டே இருக்குது."

"மூணாவதா? எவன்டா அவன்? பக்கத்து வூட்டுக்காரன் திருட்டுத்தனமா இழுக்கறானா? யாருன்னு சொல்லு, கையை ஒடைச்சுப் போடறன்!"

"என்னோடதுங்க."

சமையலறை வாசலில் சுகுணா நின்றிருந்தாள். கையில் போன். முகத்தில் பயம் இல்லை.

மாதவராஜின் பிடி தளர்ந்தது. "உன்னுதா? உனக்கு என்னடி தெரியும் இதெல்லாம்?"

"போன வாரம் தமிழ்மணி உங்களுக்குச் சொன்னப்ப, நானும் மோர் சொம்போட இங்கதான் நின்னுட்டிருந்தன். மொத வாட்டி அருணு தெரியாம நிறுத்தினான். இன்னிக்கு ரெண்டு வாட்டியும் நான் தெரிஞ்சேதான் நிறுத்தினன்."

"அப்படி என்னத்தைடி ஏத்தின?"

"நம்ம கல்யாண வீடியோவைத்தான்," என்றாள் சுகுணா. "எனக்கு டீச்சர் டிரெய்னிங் சீட்டு வந்த வாரத்துல, என்னை ஒரு வார்த்தை கேக்காம நடந்துச்சே, அந்தக் கல்யாணம் எம் பொண்ணுக்காவது ஒதவட்டுமேன்னு ஏத்தினன்."