பதினாலாவது கேள்வி

“பையை இங்க குடுங்க. பரீட்சை எழுத வந்தவருக்கு ஸ்பேனர் எதுக்கு?”

ரூல்தடி மேடம் கையை நீட்டினாள். மற்றவர்களின் பைகள் வராந்தாவில் கிடக்க, வாஷர் அண்ணனின் பையை மட்டும் பறிமுதல் செய்கிற மாதிரி வாங்கித் தன் மேஜைக்கு அடியில் தள்ளினாள். ஒரு நிமிஷம் பிந்தினாலும் ஆளை வாசலிலேயே நிறுத்திவைக்கிற அவள், அன்று பத்து நிமிஷம் தாமதமாக வந்திருந்தாள். அதைக் கேட்க யாருக்குத் தைரியம்?

குறைந்த வாடகைக் குடியிருப்பின் நானூறு வீடுகளுக்கும் அவள்தான் மேலாளர். கோணலாக ஒட்டிய அறிவிப்பைக்கூடக் கிழித்து நேராக ஒட்டச் சொல்வாள். ஆட்கள் வைத்த பெயர் ரூல்தடி. அதே வீடுகளின் குழாய்க்கும் கதவுக்கும் கூரைக்கும் இருபத்தாறு வருஷமாக வாஷர் அண்ணன். எது ஒழுகினாலும் முதலில் வாஷரைக் கழற்றிப் பார்க்கிறவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர்.

இப்போது புதுச் சட்டம் வந்திருக்கிறது. பராமரிப்பு வேலைக்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டும். இல்லாதவர்களுக்கு ஒன்றாம் தேதியிலிருந்து வேலையும் இல்லை, மோட்டார் அறைக்குப் பின்னால் கொடுத்திருக்கும் வீடும் இல்லை.

கேள்வித்தாள் வந்தது. வாஷர் அண்ணன் தன் பெயரை எழுதினார். அவருக்கு எழுதத் தெரிந்தது அது ஒன்றுதான்.

இது யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தார். செய்த வேலையை அன்றன்றே பதிவேட்டில் எழுத வேண்டும். சாயங்காலம் கை கழுவிக்கொண்டே அவர் சொல்லச் சொல்ல, மனைவி அடுப்படியில் உட்கார்ந்து எழுதிவிடுவாள். “மூணாவது மாடி, வாஷர் மாத்தினேன்” என்றால், “வேற ஏதாவது மாத்தியிருந்தாத்தான் அதிசயம்” என்பாள்.

அவள் போய்ச் சேர்ந்து ஏழு மாதம். ஏழு மாதமாகப் பதிவேட்டில் வெறும் டிக் குறிகள். ரூல்தடி சனிக்கிழமை தவறாமல் அதைப் புரட்டிப் பார்ப்பாள். ஒரு வார்த்தை கேட்டதில்லை.

“அண்ணே!” பக்கத்து நாற்காலி எலெக்ட்ரீஷியன் குசுகுசுத்தான். “பதினாலாவது கேள்வி பாத்தீங்களா? ‘குழாய் பீறிட்டா முதல்ல என்ன செய்யணும்?’ உங்களுக்குன்னே கேட்டிருக்கான்.”

“சரி சரி, நீ எழுது.”

“அங்க என்ன பேச்சு?” என்றார் தலைமையகத்திலிருந்து வந்த பரிசோதகர்.

பத்தரைக்கு வழக்கம்போல மோட்டார் ஓடத் தொடங்கியது. மேல்தொட்டிக்குப் போகும் குழாய் பரீட்சை நடக்கும் அறையின் மூலை வழியாகத்தான் ஏறுகிறது. இரண்டு நிமிஷத்தில் மூலையில் ‘உஸ்’ஸென்று ஒரு சத்தம். அடுத்த நிமிஷம் இணைப்பு வாயைப் பிளந்து, தண்ணீர் பரிசோதகரின் தலையில் நேராக இறங்கியது.

பதினேழு பேர் விடைத்தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நாற்காலிமேல் ஏறினார்கள். ஒருவன் நின்றபடியே பதினாலாவது கேள்விக்கு விடை எழுதிக்கொண்டிருந்தான்.

வாஷர் அண்ணன் எழுந்தார்.

“உக்காருங்க! எழுந்தா ஃபெயில்!” பரிசோதகர் தண்ணீருக்குள்ளிருந்து கத்தினார்.

“உக்காந்தாலும் ஃபெயில்தான் சார்.”

ஜன்னலைத் திறந்து, “மோட்டாரை நிறுத்துப்பா!” என்று காவலாளிக்குக் குரல் கொடுத்தார். மேடத்தின் மேஜைக்கு அடியிலிருந்து பையை இழுத்தார். அந்த மேஜையையே மூலைக்குத் தள்ளி, அதன்மேல் ஏறி, நட்டைப் பிடித்து நாலு சுற்று இறுக்கினார். மோட்டாரை மறுபடி ஓடவிட்டும் சொட்டுகூட இல்லை.

பரிசோதகர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். “பரீட்சை நடுவுல எழுந்துட்டாரு. விதிப்படி பாத்தா…”

“விதி ஒன்பது சார்,” என்றாள் ரூல்தடி. “நிஜமான பழுதை ரெண்டு அதிகாரிங்க கண்ணு முன்னால சரி பண்ணினா எழுத்துத் தேர்வே வேண்டாம். நீங்க ஒருத்தர், நான் ஒருத்தர்.”

“அப்படி ஒரு விதி இருக்கா என்ன?”

“நாப்பத்திரண்டாம் பக்கம். கையெழுத்துப் போடுங்க, சட்டைய மாத்தணும் பாருங்க.”

பரிசோதகரைக் குளிர் நடுக்கியது. போட்டுவிட்டார்.

எல்லாரும் போன பிறகும் வாஷர் அண்ணன் போகவில்லை. தேர்ச்சிச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மூலையையே பார்த்துக்கொண்டு நின்றார். சொல்லாமல் போனால் வேலை நிலைக்கும், வீடு நிலைக்கும். ஆனால் ராத்திரி தூக்கம் வராது.

“மேடம், ஒண்ணு சொல்லணும். அந்த நட்டு தானா விட்டுக்கல. யாரோ கழட்டி வெச்சிருக்காங்க.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“முனையெல்லாம் மழுங்கிப் போயிருக்கு. தொழில் தெரிஞ்சவன் கை பட்டிருந்தா இப்படி ஆகாது. நான்தான் செஞ்சேன்னு நாளைக்கு நாலு பேர் சொல்லுவாங்க, இந்தச் சீட்டையும் புடுங்கிக்குவாங்க. தெரிஞ்சுதான் சொல்றேன். விசாரிங்க.”

ரூல்தடி எழுந்தாள். வராந்தாவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள், தாழ்ப்பாளும் போட்டாள். வாஷர் அண்ணன் சீட்டைத் திருப்பிக் கொடுக்கத் தயாராக நீட்டினார்.

“எந்தப் பக்கம் திருகினா கழலும்னே தெரியாம அரை மணி நேரம் போராடினேன், அண்ணே.”