ஆமையின் தொழிலுக்கு விலை

ஒரு குளத்தில் எலிகளையும் அணில்களையும் முதுகில் ஏற்றி அக்கரை சேர்த்துவந்தது ஓர் ஆமை. வயதாகி, ஓட்டிலும் விரிசல் விழுந்துவிட்டது. தொழிலை நீர்நாயிடம் ஒப்படைத்து, பதிலுக்கு அதன் ஈரமான வளையை வாங்கிக்கொண்டால் வரும் கோடையில் உயிர் தங்கும்.

"கொக்கு மதிப்புப் போடட்டும், அப்புறம் பேசலாம்" என்றது நீர்நாய்.

கொக்கு வந்ததும் ஆமை ஆவலோடு சொன்னது: "முப்பது வருஷம், ஐயா. ஒரு குஞ்சைக்கூட நனையவிட்டதில்லை. எல்லாரும் என் பேரைக் கேட்டுத்தான் வருகிறார்கள்."

"நல்ல பேர்தான், ஆமையம்மா. ஆனால் வாங்குகிறவர் இனிமேல் என்ன வரும் என்றுதானே கேட்பார்?" என்ற கொக்கு, குளத்தின் நடுவே போய் நின்றது. தண்ணீர் அதன் முட்டியைத் தொடவில்லை. "இன்னும் பத்து நாளில் இதை எல்லாரும் நடந்தே கடந்துவிடுவார்கள். இதற்கு விலை என்று ஒன்றும் போட முடியாது."

அது ஆமைக்கும் தெரியும். ஒப்புக்கொள்ளத்தான் மனம் வரவில்லை.

நீர்நாய் திரும்பித் தன் வளைக்குள் போய்விட்டது.

பத்தாம் நாள் காலை ஆமை ஓர் எலியை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. பாதி வழியில் வயிறு சேற்றில் தட்டி நின்றது. எவ்வளவு உந்தியும் நகரவில்லை. எலி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தது. பிறகு, "சிரமப்படாதீங்க, பாட்டி" என்று சொல்லி இறங்கி, நடந்தே கரையேறியது.