மேலே ஒரு பலகை

“அதோ, இன்னிக்கும் ஏறியாச்சு” என்றாள் வெர்னெல்.

கேரவன்களில் குடியிருக்கும் எங்கள் முகாமில் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தோம். மதியம் இரண்டு மணி. அரிசோனாவின் ஜனவரி வெயில், கள்ளிச்செடிகள்கூடக் கண் சொக்கி நிற்பது போலத் தோன்றும் நேரம். ஓர்வில் தன் கேரவனின் பக்க அறைக் கூரைமேல் குப்புறப் படுத்துக்கொண்டு பூவாளியால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

கேரவனை நிறுத்தியதும் மேஜை இழுப்பறை மாதிரி வெளியே தள்ளிக்கொள்ளும் அறை அது. கூரை மெல்லியது. ஓர்விலுக்கோ எழுபத்தெட்டு வயது.

“ஒழுகுதான்னு பாக்கறாராம். மூணு வாரமா என்ன ஒழுக்கு? தண்ணிக்குப் பதினோரு மைல் போறோம். நான் ரெண்டு மக்குல குளிக்கறேன்” என்றாள் வெர்னெல்.

பணத்தைத் தண்ணீராய்ச் செலவழிப்பவர்களைப் பார்த்திருக்கிறோம். பாலைவனத்தில் தண்ணீரையே தண்ணீராய்ச் செலவழித்தவர் ஓர்வில் ஒருவர்தான். எங்களுக்கு வயிறு எரிந்தது.

முகாம் பொறுப்பாளர் ட்வெயின் எழுந்தார். முப்பது வருஷம் தீயணைப்பு வேலையில் இருந்தவர். நாற்காலிமேல் ஏறி பல்பு மாட்டினால்கூடப் பக்கத்தில் வந்து நிற்பார்.

ஓர்வில் கூரையை மிதித்து நடப்பார், ஒரு பிடி பிடிக்கலாம் என்றுதான் ட்வெயின் ஏணியில் ஏறினார். ஏணி கேரவனின் பெரிய கூரையோடு சேர்த்துக் கட்டியிருந்தது. அங்கிருந்து பக்க அறையின் ஓரம்வரை நீளமான பலகை. பாரம் நடுவில் விழாதபடி அதன்மேல்தான் ஓர்வில் படுத்திருந்தார்.

“பலகை போடணும்னு யாருப்பா சொல்லிக்குடுத்தா?”

“ஜூன்தான்” என்றார் ஓர்வில், மனைவியைச் சொல்லி. “‘நான் எதுக்குக் கூரையில ஏறப் போறேன்’னு சொல்லிப் பாத்தேன். விடலையே. வாங்க வெச்சுட்டா.”

“அதெல்லாம் சரி. ஈரக் கூரை, தனி ஆள், இந்த வயசு. வழுக்கினா எலும்பைப் பொறுக்க வேண்டியதுதான். நாளைக்கும் ஏறினா நீ வண்டியைக் கிளப்பிக்க.”

பூவாளி நின்றது.

“ட்வெயின், அது மட்டும் வேண்டாம். ஜூனால இப்ப பிரயாணம் பண்ண முடியாது.”

“அப்ப ஒழுக்கை இன்னிக்கே கண்டுபிடிச்சு அடைச்சுடுவோம். கூரை ஒழுகுதான்னு பாக்கணும்னா உள்ள ஒரு ஆள் நிக்கணும். நீ ஊத்து, நான் போய்ப் பாக்கறேன்.”

“வேண்டாம்ப்பா, அவ...” என்று ஓர்வில் சொல்வதற்குள் ட்வெயின் இறங்கிப் போய்விட்டார்.

உள்ளே திரை இழுத்து அரையிருட்டாக இருந்தது. பக்க அறையில்தான் கட்டில். மூக்கில் பிராணவாயுக் குழாயோடு ஜூன் படுத்திருந்தாள். அவள் தலைக்கு நேர் மேலே, முதலில் ஒன்றிரண்டாக, அப்புறம் சடசடவென்று சத்தம். மேல்தட்டில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

“யாரு, ட்வெயினா? கதவைச் சாத்து, சாரல் அடிக்கும்” என்றாள் ஜூன், கண்ணைத் திறக்காமல். “ஓரிகன்ல நாப்பத்தாறு வருஷம் இந்தச் சத்தத்துலதான் தூங்கினேன். இங்கயும் தினம் ரெண்டு மணிக்குப் பெய்யுது.”

அடுத்த நிமிஷம் தூங்கிப்போனாள். ட்வெயின் கதவைச் சாத்தினார். எதற்காக வந்தோம் என்பது அவருக்கு மறந்துவிட்டது. அந்தச் சத்தம் அவரையும் எங்கோ கூட்டிக்கொண்டு போயிற்று. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

வெளியே வந்தபோது ஓர்வில் ஏணியடியில் நின்றிருந்தார்.

“ஈரக்காத்து அவ நெஞ்சுக்கு ஆகாதுன்னு டாக்டர் இங்க அனுப்பிட்டாரு. வந்ததுலேர்ந்து பொட்டுத் தூக்கம் இல்லே. போன்ல மழைச் சத்தம் போட்டுப் பாத்தேன். ‘இது யாரு வீட்டு மழை’ன்னு கேட்டா. இந்த ஒரு மணி நேரம்தான் தூங்கறா.”

“தண்ணிக்கு என்ன பண்றே?”

“நான் குளிக்கறதில்லே.”

“அதான் உன் பக்கத்துல ஒருத்தரும் உக்கார்றதில்லையா” என்றார் ட்வெயின். சிரிக்கத்தான் நினைத்தார். சிரிப்பு வராமல் ஏணியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

“இருந்தாலும் ரூல் ரூல்தான். நாளைக்கு நீ ஏறக் கூடாது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் இரண்டு மணி. ஓர்விலின் பக்க அறைக் கூரைமேல், பலகையில் குப்புறப் படுத்திருந்தார் ட்வெயின். கையில் பூவாளி. ஏணியடியில் இரண்டு கேன் நிறையத் தண்ணீர். யார் வைத்தது என்று கேட்டதற்கு, வெர்னெல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

உள்ளே, கட்டில் ஓரமாக ஜூனின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் ஓர்வில். மூன்று வாரத்தில் அந்த மழையை அவர் உள்ளே இருந்து கேட்பது இதுதான் முதல் தடவை. சத்தம் மெதுவாக ஆரம்பித்து, வலுத்தது. அவருக்கே கண் சொக்கியது.

“ஓர்வில்” என்றாள் ஜூன், தூக்கக் குரலில்.

“ம்.”

“நீ இங்க இருக்கே.”

“ஆமா.”

ஜூன் அவர் கையை இறுக்கிப் பிடித்தாள்.

“அப்ப மேல யாரு? அவனும் பலகை போட்டுத்தானே படுத்திருக்கான்?”