கோகர்ணா போட்டோ

முதல் சம்பளத்தில் அப்பா அம்மாவைக் கோகர்ணாவுக்கு டூர் அனுப்பிய தினகரன், பெங்களூரிலிருந்து போன் செய்தான்.

“கடல் எப்டி கீது நைனா?”

“சூப்பரா கீதுப்பா. மலை மேல குந்தினு கீறோம், கீழ தண்ணி” என்றார் அப்பா தசரதன்.

“காத்து பிச்சினு போவுது” என்று மங்கம்மா பக்கத்திலிருந்து ஒத்து ஊதினாள்.

“போட்டோ அனுப்புங்க.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெள்ளை மணலும் கொஞ்சம் தண்ணீரும் மட்டும் தெரியும்படி மங்கம்மா கணவரை ஓரமாக நிறுத்திப் படமெடுத்து அனுப்பினாள்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போன் வந்தது.

“நல்லா கீது நைனா. எறங்கும்போது பின்பக்கமா எறங்குங்க. மழை பேஞ்சா முன்பக்கம் மண்ணு சரியும். சின்ன வயசுல நான் வழுக்கி வெளாண்ட எடந்தானே.”

சொந்த ஊரான ஆண்டர்சன்பேட்டைக்குப் பின்னால், தங்கம் எடுத்தபின் கொட்டிய சுரங்க மண்மேட்டின் உச்சியில் தசரதன் தலையைச் சொறிந்தார்.

“பங்காரப்பேட்டை ஸ்டேஷனோட திரும்பிட்டோம்பா. நீ ஆசையா அனுப்புன, சொல்ல மனசு வரல. மைன்ஸுக்குள்ள தண்ணி சத்தம் கேட்டா ஓடியே பழகினவன் நான். கடலாண்ட எப்டி நிப்பேன்?”

“அடுத்த மாசம் நானும் வரேன் நைனா. சத்தம் கேட்டா மூணு பேரும் சேந்தே ஓடலாம்.”